கிண்ணத்தை நக்கினால் பசி என்று அர்த்தமா?

கேள்வி:

டாக்டர், எங்கள் வீட்டில் 14 வார லாப்ரடார் ஆண் குட்டி இருக்கிறான். எடை 11 கிலோ. இரண்டு வாரத்துக்கு முன்பு 8.2 கிலோ இருந்தான். பப்பி ஃபுட் பையில் உள்ள அட்டவணையைப் பார்த்து ஒரு நாளைக்கு 310 கிராம், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறேன். ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை அறை முழுக்கத் தள்ளிக்கொண்டே நக்குகிறான். "வளர்ற குட்டியை வயிறு காயப் போடாதே" என்று என் மாமியார் காலையும் மாலையும் அரை டம்ளர் பால் ஊற்றுகிறார். கணவர் தினம் ஒரு முட்டை வைக்கிறார். பிள்ளைகள் கையிலிருந்து நாலைந்து பிஸ்கட் எப்படியும் அவன் வாய்க்குப் போய்விடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன கொழுகொழுன்னு இருக்கான்!" என்கிறார்கள். பெரிய இனம் என்பதால் கால்சியம் டானிக் கட்டாயம் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். நான் கொடுக்கும் அளவு சரியா, குறைவா? என் தங்கை வீட்டில் இரண்டு மாதப் பொமரேனியன் குட்டி, 900 கிராம் எடை. அவளும் இதே கணக்கைப் பின்பற்றலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடையைக் கிலோ, கிராம் கணக்கோடு எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. "நல்லா சாப்பிடுறான் டாக்டர்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எதையும் சொல்ல முடியாது. நீங்கள் கொடுத்த எண்களை வைத்து நிறையவே சொல்லலாம்.

310 கிராம் சரியான அளவு. ஆனால் உங்கள் குட்டி தினமும் சாப்பிடுவது 310 கிராம் இல்லை. உங்கள் கடிதத்துக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், சாதாரண கால்குலேட்டர் போதும். குட்டியின் எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 11 × 11 × 11 = 1331. பிறகு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். முதலில் 36.5 வரும், அடுத்து 6.04. அதை 70 ஆல் பெருக்கினால் 423. அவன் நாள் முழுக்கச் சும்மா படுத்துக் கிடந்தாலும் உடல் இயங்குவதற்கு வேண்டிய கலோரி இது. வளரும் குட்டிக்கு இது மட்டும் போதாது. நான்கு மாதம் வரை இதைப் போல மூன்று மடங்கு, அதற்குப் பிறகு வளர்ச்சி முடியும் வரை சுமார் இரண்டு மடங்கு என்றுதான் கால்நடை மருத்துவர்கள் கணக்கைத் தொடங்குகிறோம். அப்படிப் பார்த்தால் உங்கள் குட்டிக்கு இன்று ஒரு நாளைக்குச் சுமார் 1270 கலோரி.

பையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு அல்லது கிலோவுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலான உலர் உணவுகளில் 100 கிராமுக்கு 350 முதல் 400 வரை இருக்கும். 380 என்று வைத்துக்கொண்டால் 1270 கலோரிக்கு 334 கிராம் ஆகிறது. நீங்கள் கொடுக்கும் 310 கிராமில் 1180 கலோரி போகிறது. இடையில் உள்ள வித்தியாசம் 24 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி அளவு. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே தாய்க்கு ஒரே நாளில் பிறந்து ஒரே எடையில் இருக்கும் இரண்டு குட்டிகளுக்குக்கூடத் தேவை ஒன்றாக இருக்காது.

இப்போது மீதியைக் கூட்டுவோம். இரண்டு அரை டம்ளர் பால், கிட்டத்தட்ட 120 கலோரி. ஒரு முட்டை, 70. ஐந்து பிஸ்கட், சிறியவையாக இருந்தாலும் 150. மொத்தம் 340 கலோரி கிண்ணத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. ஆக அவன் வயிற்றுக்குள் போவது 1520. தேவையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கொடுப்பவர்களில் யாருமே அதிகமாகக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாமியார் கொடுத்தது அரை டம்ளர்தான், கணவர் கொடுத்தது ஒரே ஒரு முட்டைதான், பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்தான். நான்கு பேரின் "கொஞ்சம்" சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிட்டது.

அதன் விளைவு உங்கள் தராசிலேயே தெரிகிறது. இரண்டு வாரத்தில் 2.8 கிலோ, அதாவது வாரத்துக்கு 1.4 கிலோ ஏறியிருக்கிறான். இந்த வயது லாப்ரடார் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினாலே நல்ல வளர்ச்சி.

"அதிகமாக வளர்வதில் என்ன தப்பு, நல்லதுதானே?" என்று உங்கள் மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. குழந்தை எடை போட்டால் மகிழ்கிற மனசுதான் அது. நாயின் இனம் எதுவோ அதன் கடைசி உயரத்தைப் பெரும்பாலும் பெற்றோர் வழி வந்த மரபே தீர்மானிக்கிறது. அதிகமாக ஊட்டுவதால் குட்டி அந்த உயரத்தைத் தாண்டாது, சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். அப்படி அவசரமாக வளரும்போது எலும்பும் குருத்தெலும்பும் இன்னும் இறுகாத நிலையில் இருக்கின்றன. அதற்குள் உடல் கனத்துவிடுகிறது. சுமக்கத் தயாராகாத மூட்டின் மேல் பாரம் ஏறுகிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் கெடுவதற்கு மரபு ஒரு காரணம் என்றால், குட்டிப் பருவத்தில் மிதமிஞ்சி ஊட்டுவது இன்னொரு காரணம். மரபை நாம் மாற்ற முடியாது. கிண்ணம் நம் கையில் இருக்கிறது.

இதற்கு உங்கள் குட்டியின் இனத்திலேயே நல்ல சான்று உண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றிலிருந்து இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, எட்டு வார வயதிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு அது. முடிவுகள் 2002ல் வெளிவந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு, மற்றது சாப்பிட்டதைவிடக் கால் பங்கு குறைவாகக் கொடுத்தார்கள். உணவு ஒன்றுதான், அளவு மட்டும் வேறு. குறைவாகச் சாப்பிட்டவற்றின் ஆயுளின் இடைநிலை 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. இரண்டு வயதில் எடுத்த எக்ஸ்-ரேக்களிலேயே இடுப்பு மூட்டில் வித்தியாசம் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு இன்றே கால் பங்கைக் குறைத்துவிடாதீர்கள். ஒப்பிட்ட நாய்கள் நிறையச் சாப்பிட்டவை, உங்கள் 310 கிராம் அளவானது. குறைக்க வேண்டியது அந்த 340 கலோரியைத்தான்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஐந்து மாத கிரேட் டேன் குட்டியைக் கொண்டுவந்தார்கள். அழகான குட்டி, பளபளவென்ற முடி. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்கு முன்கால்களை அகட்டி ஊன்றி, தோளால் உந்தித்தான் எழுந்தது. முன்பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. மணிக்கட்டுக்கு மேல் கையை வைத்தபோது எலும்பின் முனைகள் புடைத்து, தொட்டாலே வலித்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுப் பெரியவர் ஒருவர் வேளைக்கு இரண்டு கிண்ணம் உணவும், அதன் மேல் கால்சியம் டானிக்கும் தன் கையாலேயே கொடுத்து வந்திருக்கிறார். அந்தக் குட்டிக்குக் குறைத்துக் கொடுக்கச் சொன்னபோது அவர் கண் கலங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. நடை ஓரளவு தேறியது, கால்கள் முழுதாக நேராகவில்லை. அன்றிலிருந்து பெரிய இனக் குட்டியோடு யார் வந்தாலும், தடுப்பூசி போடுவதற்கு முன்பே சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

சரி, அளவு போதும் என்றால் அவன் ஏன் கிண்ணத்தை நக்குகிறான்?

நாய் நக்குவதை வைத்துப் பசியை அளக்க முடியாது, லாப்ரடாரிடம் சுத்தமாக முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் இந்த இனத்தில் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அந்த மாற்றத்தால் சரியாகப் போய்ச் சேருவதில்லை. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இது இருக்கிறது. அப்படிப்பட்ட நாய் இப்போதுதான் சாப்பிட்டிருந்தாலும் உங்கள் முகத்தைப் பார்த்து ஏங்கும். நடிப்பில்லை, அதற்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது, பாவம். ஆனால் அந்த ஏக்கத்துக்கு மருந்து உணவு இல்லை. உங்கள் குட்டிக்கு அந்த மாற்றம் இருக்கிறதோ இல்லையோ, வேகமாகச் சாப்பிடுவதும் கிண்ணத்தைத் துரத்துவதும் இந்த இனத்தின் சுபாவம். பசியால் வாடும் குட்டி எடை ஏறாது, விளையாடாது, விலா எலும்பு துருத்தும். வாரம் 1.4 கிலோ ஏறும் குட்டி அந்த வகையில் சேராது.

ஒரு நிமிடத்தில் விழுங்குவதை மட்டும் மெதுவாக்கலாம். கிண்ணத்துக்குப் பதில் பெரிய தட்டையான தாம்பாளத்தில் பரப்பிப் போடுங்கள். உள்ளே மேடு பள்ளம் வைத்த கிண்ணங்களும் கிடைக்கின்றன. உலர் உணவை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊற வைத்தாலும் அளவு பெரிதாகி வயிறு நிறைந்தாற்போல் இருக்கும். கலோரி கூடாது.

இனி வீட்டாரைச் சமாளிப்பது. இதில் தோற்றுப்போனால் கணக்கெல்லாம் வீண். நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒரு டப்பா. காலையில் 310 கிராமைத் தராசில் நிறுத்து மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். அன்றைக்கு அந்தக் குட்டிக்கு யார் எதைக் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். மூன்று வேளைக்கு 80 கிராம் வீதம் போக 70 கிராம் மிஞ்சும். மாமியாருக்குப் பால் ஊற்றுவதில் கிடைக்கும் சந்தோஷம், அவன் தன் காலடியில் வந்து நிற்பதுதான். மாலையில் அந்த 70 கிராமிலிருந்து ஒரு கிண்ணத்தை அவரிடம் கொடுத்து, ஒவ்வொரு உருண்டையாக அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் பாலுக்கு ஆட்டிய அதே வாலை இதற்கும் ஆட்டுவான். பிள்ளைகள் "உட்கார்", "வா" பழக்குவதற்கும் அதே உருண்டைகள் போதும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தலையைத் தடவலாம், விளையாடலாம், உணவு நாளைக்குத்தான். தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்கட்டும்.

கிராம் கணக்கில் அளக்கும் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். கப்பால் அளப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் மூன்று பேரை ஒரே கப்பில் "ஒரு கப்" எடுத்துப் போடச் சொல்லி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். ஒருவர் தலை தட்டி எடுப்பார், ஒருவர் கோபுரமாக எடுப்பார். 20, 30 கிராம் சாதாரணமாக மாறும். வேளைக்கு 30 கிராம் கூடினால் நாளைக்கு 90 கிராம், அதுவே 340 கலோரி. பால், முட்டை, பிஸ்கட் எதுவுமே இல்லாமல் நீங்கள் இன்று இருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

பாலை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். தாய்ப்பால் மறந்த பிறகு, பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி குட்டிகளுக்குக் குறைந்துகொண்டே போகும். பல குட்டிகளுக்கு மலம் இளகுவதற்கு இதுதான் காரணம். முட்டை நல்ல உணவு. நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம், ஆனால் முட்டை வைக்கும் நாளில் டப்பாவிலிருந்து 20 கிராமை எடுத்துவிடுங்கள். எப்போதும் நினைவில் வைக்க வேண்டிய எல்லை: முழுமையான குட்டி உணவு தவிர மற்றவை எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் குட்டிக்கு அது 120 கலோரி. பிஸ்கட்டை மட்டும் முழுவதுமாக நிறுத்துங்கள். கலோரிக்காக மட்டுமில்லை. பிள்ளைகள் கையில் இன்று சாதா பிஸ்கட் இருக்கும், நாளை சாக்லேட் பிஸ்கட்டோ உலர்திராட்சை வைத்ததோ இருக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் எல்லாம் நாய்க்கு நஞ்சு. பிஸ்கட் கொடுக்கும் பழக்கம் இருக்கும் வீட்டில் என்றாவது ஒருநாள் கை தவறிவிடும்.

பையிலுள்ள அட்டவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள், பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். சில பைகளில் குட்டியின் இன்றைய எடையை வைத்து அளவு போட்டிருக்கும். சிலவற்றில் வளர்ந்த பிறகு எவ்வளவு எடை வருமோ அதை வைத்துப் போட்டிருக்கும். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் அளவு எங்கேயோ போய்விடும். "ஒரு நாளைக்கு" என்று போட்டிருப்பதை "ஒரு வேளைக்கு" என்று எடுத்துக்கொண்டு மூன்று மடங்கு கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அட்டவணையில் இருப்பது தொடங்குவதற்கான எண், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூட்டுவதா குறைப்பதா என்பதைக் குட்டியின் உடம்பைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படித் தொடுவது? முதலில் உங்கள் கையிலேயே பழகுங்கள். இடது கையை இறுக்கி மூடி, வலது கை விரல்களால் மொட்டிகளின் மேல் தடவுங்கள். எலும்பு முட்டுகிறது இல்லையா? குட்டியின் விலா அப்படி முட்டினால் மெலிவு. அடுத்து இடது உள்ளங்கையை விரித்துத் திருப்பி, அதன் சதைப்பிடிப்பான பகுதியைத் தடவுங்கள். எலும்பு இருக்கும் இடமே தெரியாது. விலா அப்படி இருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. கடைசியாகக் கையைக் கவிழ்த்து, விரித்த புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தெரிகிறது, ஆனால் குத்தவில்லை. உங்கள் குட்டியின் விலா இப்படித்தான் இருக்க வேண்டும். விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாகத் தடவினாலே தெரிய வேண்டும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் கூடிவிட்டது. பிறகு அவனை நிற்க வைத்து மேலிருந்து பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்றே உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிற்றின் கோடு மார்பிலிருந்து பின்கால் நோக்கி மேலேற வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இதைத்தான் 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகப் போடுகிறோம். 4 அல்லது 5 வந்தால் நல்லது. "கொழுகொழு" என்று எல்லோரும் பாராட்டும் குட்டிகள் பெரும்பாலும் 6, 7ல் இருக்கும்.

இந்தப் பரிசோதனையை வாரம் ஒருமுறை, எடை பார்க்கும் அதே நாளில் செய்யுங்கள். விலா தட்டுப்படவில்லை என்றால் நாள் அளவில் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். துருத்திக்கொண்டிருந்தால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மாற்றிய பிறகு ஒரு வாரமாவது பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாற்றம். வளரும் குட்டியின் எடையை இறக்கப் பார்க்கக் கூடாது. ஏறும் வேகத்தைத்தான் மட்டுப்படுத்துகிறோம்.

வருகிற மாதங்களில் பலர் தவறும் ஓர் இடம் உண்டு, அதை முன்கூட்டியே சொல்கிறேன். அவன் ஐந்தரை, ஆறு மாதத்தில் 20 கிலோ வந்துவிடுவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய எடையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உணவும் இரண்டு மடங்கு வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கணக்கைப் போடுங்கள்: 20 கிலோவுக்கு ஓய்வுநிலைத் தேவை 662 கலோரி. நான்கு மாதம் கடந்துவிட்டதால் இரண்டு மடங்கு, 1324. கிராமில் சுமார் 350. இன்றைய அளவோடு ஒப்பிட்டால் கூடுவது ஒரு கைப்பிடிதான்! உடம்பு பெரிதாகிறது, ஆனால் வளரும் வேகம் தணிகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. எடை ஏறஏற அளவையும் ஏற்றிக்கொண்டே போகும் வீடுகளில்தான் எட்டு மாதத்தில் உருண்டு திரண்ட லாப்ரடார்களைப் பார்க்கிறேன். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டால் தேவை மேலும் கணிசமாகக் குறையும். அப்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. பெரிய இனம் என்பதால் 12 மாதத்துக்குப் பிறகுதான், 15 மாதம் வரைகூட ஆகலாம், பெரிய நாய் உணவுக்கு மாற வேண்டும். அதையும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

பால்பற்கள் விழும் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஈறு வலித்து ஒன்றிரண்டு நாள் குறைவாகச் சாப்பிடலாம். பயப்பட வேண்டாம்.

கால்சியம் டானிக் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் பெரிய இனக் குட்டிக்குத்தான் அது அதிகக் கெடுதல். வளர்ந்த நாயின் குடல், வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது. கொடுக்கக் கொடுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிச் சேரும் கால்சியம், குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கைக் குலைக்கிறது. மூட்டுக் குருத்தெலும்பு கனத்து வெடிப்பதும் முன்கால் எலும்பு வளைவதும் இப்படி வருபவைதான். வளர்ந்தால் 32 கிலோவும் அதற்கு மேலும் வரக்கூடிய இனங்களின் குட்டி உணவில், ஈரம் நீக்கிய எடையில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. குறைந்தது 1.2 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் இடையில் எவ்வளவு சின்ன இடைவெளி பாருங்கள். பையிலேயே அளந்து போட்டிருக்கும் உணவின் மேல் டானிக்கை ஊற்றினால் அந்த இடைவெளி போய்விடும். "பெரிய இனக் குட்டிகளுக்கு" என்று பையில் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பையை அப்படி வாங்குங்கள்.

வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்களின் கதை வேறு. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகச் சொற்பம். அதை மட்டுமே தின்று வளரும் குட்டி, ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்டத் தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்து வந்த குட்டிகள் உண்டு. அங்கே கால்சியம் வேண்டும், ஆனால் எவ்வளவு என்பதை மருத்துவர் அந்த உணவைக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் முழுமையான பப்பி ஃபுட் கொடுப்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் தங்கையின் பொமரேனியனுக்கு வருவோம். கணக்குப் போடும் முறை அதேதான். 900 கிராமுக்கு ஓய்வுநிலையில் 65 கலோரி, மூன்று மடங்கு 195, உலர் உணவில் சுமார் 50 கிராம். ஆனால் அங்கே கவலைப்பட வேண்டிய விஷயம் நேர்மாறானது. உங்கள் குட்டிக்கு ஆபத்து மிகுதியால் வரும், அதற்கு இடைவெளியால் வரும். இத்தனை சின்ன உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடமில்லை. சில மணி நேரம் சாப்பிடாமல் ஓடி விளையாடினால், அல்லது குளிரில் இருந்தால், ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எனவே அந்த 50 கிராமை நான்கு அல்லது ஐந்து வேளையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு வேளை, விடிந்ததும் ஒரு வேளை கட்டாயம். குட்டி திடீரெனச் சோர்ந்து, நடுங்கி, குடித்தாற்போலத் தள்ளாடினால் ஒரு சொட்டுத் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலால் ஈறில் தடவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தங்கையிடம் இதை இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பொமரேனியன் முடி ஆளை ஏமாற்றும். பந்துபோல் தெரியும், தொட்டால் எலும்பாக இருக்கும். அங்கே கைதான் கண்.

இரண்டு குட்டிகளுக்கும் பொதுவாகச் சிலது. விலா தெரிய, வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் உணவுக் குறை என்று எண்ணி அளவைக் கூட்டாதீர்கள், பெரும்பாலும் குடல்புழு. புழு மருந்து கொடுத்த தேதிகளை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். காலையில் கெட்டியாகவும் மாலையில் இளகியும் மலம் போனால் அளவு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். வாந்தி, பேதி, சோர்வு இவற்றோடு ஒரு வேளை உணவைத் தொடாமல் விட்டாலும் காத்திருக்க வேண்டாம். குட்டிகளில் பார்வோ நோய் அப்படித்தான் தொடங்கும், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

உங்கள் குட்டிக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும்: டப்பாவில் 310 கிராம், மூன்று வேளை, பாலும் பிஸ்கட்டும் நிறுத்தம். எடை பார்க்க, அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைத் தனியாகப் பார்த்துக் கழித்துவிடுங்கள். வாரத்தில் ஒரே நாள், காலை உணவுக்கு முன். இரண்டு வாரம் கழித்து இரண்டு எடைகளையும், விலா உங்கள் கைக்கு மொட்டிபோல் இருந்ததா, புறங்கைபோல் இருந்ததா, உள்ளங்கைபோல் இருந்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள். 310ஐ அப்படியே வைப்பதா, 330 ஆக்குவதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.